அண்ணா, ஃபவுல்

அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆட்டத்தில் நடுவர் கிடையாது. விசில் ஊத ஆளில்லை, கோட்டோரம் நின்று கொடி தூக்க ஆளில்லை. உலகப் போட்டிகளிலும் தீர்ப்பு ஆடுகிறவர்கள் கையில்தான். ஒருவர் மோதினால், மோதப்பட்டவர் 'ஃபவுல்' என்று குரல் கொடுக்க வேண்டும். மோதியவர் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் 'கான்டெஸ்ட்' என்று சொல்லலாம். இருவரும் நின்று பேசி, முடிவு எட்டாவிட்டால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பிப் போகும். ஆட்டம் அங்கிருந்து தொடரும்.

படிக்கும்போது எளிதாகத் தெரிகிற இந்த விதியோடு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நாங்கள் பட்ட பாடு பெரிது. ஓடக் கற்றோம், வாடைக் காற்றிலும் தென்றல் காற்றிலும் எறியக் கற்றோம், மணலில் பாய்ந்து விழுந்து பிடிக்கக் கற்றோம். எங்களைவிடப் பெரிய ஒருவரின் முகத்தைப் பார்த்து 'நீங்க என்மேல மோதினீங்க' என்று சொல்லத்தான் எல்லாவற்றையும்விட அதிக காலம் பிடித்தது.

அந்தப் பெரியவர்கள் வேறு யாருமில்லை, எங்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களே. அதே கடற்கரையில் எங்களுக்கு முன்பிருந்தே ஆடி வந்தவர்கள். சிலர் வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்தபோது கற்று வந்தவர்கள், சிலர் ஐ.டி. வேலைக்காரர்கள், அடையாறிலும் கோட்டூர்புரத்திலும் வீடுள்ளவர்கள். 175 கிராம் எடையுள்ள அந்தப் பிளாஸ்டிக் தட்டை எப்படிப் பிடிப்பது, மணிக்கட்டை எப்படிச் சுண்டினால் அது தலை தூக்காமல் போகும் என்று எங்கள் கை பிடித்துக் காட்டியவர்கள். நாங்கள் தனி அணியாகப் பிரிந்தபோது பழைய டிஸ்க்குகளைக் கொடுத்து அனுப்பியதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு எந்தப் போட்டியில் எதிர்ப்பட்டாலும் எங்களைத் தோற்கடித்தார்கள். அரைகுறையாக அல்ல, பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும் அளவுக்கு. அதை மரியாதை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்களுக்காக அவர்கள் ஒருபோதும் மெதுவாக ஓடவில்லை.

எங்கள் அணியில் ஊரூர் ஆல்காட் குப்பத்து அண்ணன் தம்பி இருவர். பள்ளி முடிந்து மாலையில் பாடம் சொல்லித்தரும் தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக டிஸ்க்கைத் தொட்டவர்கள். தி. நகரில் நகைப் பட்டறை வேலை பார்த்த ஒரு பையன். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டிலிருந்து வந்த, ராணி மேரி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. அவளைத் தங்கச்சி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் கேப்டன் ஒரு பள்ளி ஆசிரியை. நான் மந்தைவெளியிலிருந்து 29சி பஸ் பிடித்து வருவேன். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் அருகே பைகளைக் குவித்துவிட்டு ஓடத் தொடங்குவோம். 1930-இல் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டுக்காரர் அவர். அந்த வெள்ளை வளைவின் நிழலில் தண்ணீர் பாட்டில்களைப் புதைத்து வைத்தால் ஒன்பது மணி வரை சூடாகாது.

கடற்கரை ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். களம் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இரு முனையிலும் 15 மீட்டர் எல்லைப் பகுதி. அதற்குள் சக ஆட்டக்காரர் டிஸ்க்கைப் பிடித்தால் ஒரு பாயிண்ட். டிஸ்க் கையிலிருக்கும்போது நடக்கக் கூடாது. ஆணும் பெண்ணும் கலந்த ஆட்டத்தில் ஐவரில் இருவராவது பெண்கள் இருந்தாக வேண்டும். இந்தக் கடைசி விதி எங்கள் தோல்விகளுக்குள் ஒளிந்திருந்த காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் பையன்கள் பெண்களுக்கு எறிய மாட்டார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, கண் அந்தப் பக்கம் போகாது. நானும் தங்கச்சியும் ஆளில்லாத இடத்தில் கையை உயர்த்தி நிற்போம். டிஸ்க் இரண்டு பேர் காவலில் இருக்கும் பையனுக்குப் போகும். எதிரணி இதைக் கண்டுகொண்டது. எங்களைக் காவல் காக்க வேண்டிய பெண்களும் பையன்களை மறிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர் என்ற கணக்கில் ஆட்டம் நடந்தது.

கேப்டன் அக்கா இதைப் பயிற்சியால் மாற்றினார். பெண்கள் பிடித்தால் மட்டுமே பாயிண்ட் என்று சொல்லி மாதக்கணக்கில் ஆடவைத்தார். பட்டறைப் பையன் முதலில் முணுமுணுத்தான். பிறகு அவனுக்கும் எனக்கும் ஒரு புரிதல் வந்தது. நான் வேகம் குறைக்கும் முன்பே அவன் கையிலிருந்து டிஸ்க் கிளம்பிவிடும். நாள் முழுக்கக் கம்பியிலும் சிறு உளியிலும் இருக்கும் அவன் விரல்களுக்கு, ஃபோர்ஹேண்ட் எறிவதற்குத் தேவையான சுண்டல் ஏற்கெனவே பழகியிருந்தது.

ஒரு முறை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடம் மோசமாகத் தோற்றோம். நடுவில் தங்கச்சி டிஸ்க்கைத் தாவிப் பிடிக்கப்போனபோது எதிரணியின் மூத்த ஆட்டக்காரரின் தோள் அவள் நெஞ்சில் இடித்தது. டிஸ்க் தப்பிப் போனது. அவள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் காவலுக்கு ஓடினாள். அவர்கள் டிஸ்க்கை எடுத்து பாயிண்ட் அடித்தார்கள்.

ஆட்டம் முடிந்து இரு அணியும் தோள் மேல் கை போட்டு வட்டமாக நின்றோம். ஒருவர் விட்டு ஒருவராக எதிரணிக்காரர் நம் பக்கத்தில் நிற்கும் வட்டம் அது. கலைந்ததும் அந்த மூத்தவர் தங்கச்சியிடம் வந்தார்.

"ஏம்மா, கூப்பிடலையே நீ?"

"பரவாயில்லைண்ணா."

"பரவாயில்லைன்னு இல்ல. இடிச்சேன்னு எனக்கே சந்தேகம். ஆனா என்மேல நானே ஃபவுல் கூப்பிட முடியாது. அடிபட்டவங்கதான் கூப்பிடணும், அதுதான் விதி. நீ வாயைத் திறக்கலைன்னா நான் அடிச்ச பாயிண்ட் நேர்மையானதா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் என்னோடு வந்தபோது அடையாறு சிக்னல் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவரு கத்துக்குடுத்தவரு அக்கா. அவர்கிட்டயே எப்படிச் சொல்றது?" என்றாள்.

எனக்கும் அதற்குப் பதில் இல்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆசிரியர் தப்பாகவே சொன்னாலும் எழுந்து நின்று கேட்காத வகுப்பறைகளிலிருந்து வந்தவர்கள். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. களத்தில் வாக்குவாதம் வந்தால் அது ஆங்கிலத்தில் நடக்கும். விதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு அது சரளமாக வரும். குப்பத்து அண்ணனுக்கு விதி முழுக்கத் தெரியும், அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் எதிரில் இருப்பவர் வேகமாக ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சொன்னால் "சரி, விடுங்க" என்று டிஸ்க்கைக் கீழே போட்டுவிடுவான். நடுவர் இல்லாத ஆட்டத்தில் வாய் உள்ளவன் பக்கம் ஆட்டம் சாயும். இது இந்த ஆட்டத்தின் உண்மையான பலவீனம் என்று நான் நம்புகிறேன். நேர்மையை ஆட்டக்காரர்களிடம் ஒப்படைக்கும் விதி, எல்லோருக்கும் ஒரே அளவு துணிச்சல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மேப்பிள்வுட் என்ற ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968-இல் தொடங்கிய விளையாட்டு இது. அவர்கள் மனதில் ஊரூர் குப்பம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஆட்டம் வளர்ந்த விதத்தில் ஒரு நல்ல ஏற்பாடு சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எதிரணிக்கு நாம் மதிப்பெண் போட வேண்டும். விதி அறிவு, உடல் மோதல், நியாய உணர்வு, நடத்தை, பேசித் தீர்க்கும் முறை என ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரை. சாதாரணமாக நன்றாக ஆடிய அணிக்கு இரண்டு இரண்டாகப் பத்து வரும். எங்களுக்கு எல்லா அணிகளும் நடத்தையில் மூன்று கொடுத்தன. பேசித் தீர்ப்பதில் ஒன்று. முதலில் அது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. நாங்கள் யாரோடும் சண்டை போட்டதே இல்லையே என்று பட்டறைப் பையன் கேட்டான். பேசாமல் இருப்பதற்குத்தான் அந்த ஒன்று என்று கேப்டன் அக்கா விளக்கினார்.

அதன் பிறகு பயிற்சியில் அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார். இரண்டு பேர் ஓடி வருவார்கள், ஒருவர் வேண்டுமென்றே இடிப்பார். இடிபட்டவர் கையைத் தூக்கி உரக்கக் கூப்பிட வேண்டும். பிறகு நான் எங்கே இருந்தேன், நீ எங்கிருந்து வந்தாய், அதனால் என்ன ஆனது என்று மூன்று வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். குரல் உயரக் கூடாது, கண்ணைத் தாழ்த்தவும் கூடாது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள். தங்கச்சியின் 'ஃபவுல்' முதலில் அலைச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. குப்பத்துத் தம்பிதான் அவளுக்கு வழி சொன்னான். படகிலிருந்து கரைக்குக் குரல் கொடுப்பதைப்போல அடிவயிற்றிலிருந்து எடு என்றான். எடுத்துக் காட்டினான். அன்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தம்பி காற்றையும் எங்களுக்குக் கற்றுத் தந்தான். சென்னையில் ஆடி, ஆவணியில் காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று அடிக்கும். முற்பகலில் அது தளரும். சற்று நேரம் அசைவே இருக்காது, வேர்வை மட்டும் வழியும். பிறகு கடலிலிருந்து காற்று ஏறும், தென்கிழக்காக, பல நாள் கொஞ்சமும் எச்சரிக்கை இல்லாமல். எங்கள் களம் கரைக்கு இணையாக, வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கம் ஒரு முனையும் குப்பத்துப் பக்கம் மறு முனையுமாக இருக்கும். கடல்காற்று ஏறிவிட்டால் கோயில் பக்கம் போவது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் டிஸ்க் மேலே தூக்கப்பட்டு அந்தரத்தில் நிற்கும், காவல்காரர் நடந்து வந்து பிடித்துக்கொள்ளலாம். பின்காற்றில் நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையில் விழும். தாழ்வாக, அதிகச் சுழற்சியோடு, பக்கத்தில் இருப்பவருக்கு எறிய வேண்டும். நாங்கள் வேண்டுமென்றே மதிய வெயிலில், காற்று ஏறிய பிறகு பயிற்சி எடுத்தோம். அந்த நேரத்தில் கடற்கரையில் வேறு எந்த அணியும் இருக்காது.

2013 ஆகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு போட்டி. சனிக்கிழமை கடைசி ஆட்டம் எங்களுக்கும், எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும். ஆடுகிறவர்களைத் தவிர மற்ற அணிகள் நிழல் தேடிப் போய்விட்டன. ஆட்டம் தொடங்கும்போது காற்று நின்றிருந்தது. தம்பி கடலைப் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணி மேல கறுப்பா கோடு தெரியுது பாரு, வருது" என்றான். நாலாவது பாயிண்டின்போது வந்தது.

அவர்களின் பலம் நீள எறிதல். முனையிலிருந்து முனைக்கு ஒரே எறியில் போய்விடுவார்கள், அந்த அழகைப் பார்த்துத்தான் நாங்கள் இந்த ஆட்டத்துக்கே வந்தோம். அன்று அந்த எறிகள் அந்தரத்தில் தயங்கின. நாங்கள் ஐந்தடி, பத்தடி என்று சின்னச் சின்னதாக நகர்ந்தோம். அவர்களின் பெண்கள் வழக்கம்போல எங்களை விட்டுவிட்டுப் பையன்களை மறிக்கப் போனார்கள். பட்டறைப் பையன் என்னைப் பார்த்தான். டிஸ்க் வந்தது. தங்கச்சியைப் பார்த்தேன். போனது. அடுத்த இரண்டு பாயிண்டிலும் அப்படியே. அவர்கள் கூடிப் பேசி மறுபடி பெண்களுக்குக் காவல் போட்டபோது, எங்களுக்காக அவர்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டது அதுவே முதல் தடவை என்று எனக்கு உறைத்தது. அந்தச் சந்தோஷம் உடம்பெங்கும் ஓடியது.

7–8 என்று பின்தங்கியிருந்தோம். நேரம் முடியப்போகிறது. கோயில் பக்கம் எதிர்க்காற்றில் அடிக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே தங்கச்சி திரும்பி ஓடினாள், தம்பி தாழ்வாக எறிந்தான். அவள் கை டிஸ்க்கைத் தொடும் நேரத்தில் பின்னாலிருந்து அந்த மூத்தவர் பாய்ந்து வந்தார். இருவரும் விழுந்தார்கள். டிஸ்க் மணலில் கிடந்தது. அவர்கள் அணி கத்திக்கொண்டே டிஸ்க்கை எடுக்க ஓடியது.

"ஃபவுல்!"

அலைக்கு மேல் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள். முழங்கையில் கிளிஞ்சல் கீறி ரத்தம்.

"அண்ணா, ஃபவுல். நான் முன்னாடியே அந்த இடத்துல இருந்தேன். நீங்க பின்னாலருந்து வந்தீங்க, உங்க கை முதல்ல என் தோள்ல பட்டுச்சு. அதனாலதான் விட்டுட்டேன்."

அவர் மணலில் முழங்காலிட்டபடி அவளைப் பார்த்தார். அவர் அணியில் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். மூத்தவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்த இடத்தில் பேச உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர்தான்.

"தோள்லயா, கையிலயா?"

"தோள்லண்ணா."

"சரி. நோ கான்டெஸ்ட்."

கோட்டின் மேல் டிஸ்க் அவள் கைக்கு வந்தது. ஆட்டம் தொடங்கிய நொடியில் அவள் என்னிடம் எறிந்தாள், நான் உள்ளே இருந்தேன். 8–8. மணி அடித்துவிட்டது. இனி ஒரே பாயிண்ட், யுனிவர்ஸ் என்பார்கள். இப்போது எதிர்க்காற்று அவர்களுக்கு. மூன்று பாஸ் அழகாகப் போட்டார்கள், நாலாவதை நீளமாக எறிந்தார்கள். டிஸ்க் மேலே ஏறி நின்றது. குப்பத்து அண்ணன் அதன் கீழே காத்திருந்தான். பிறகு எங்களுக்குப் பின்காற்று. ஏழோ எட்டோ சின்ன பாஸ்கள், பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் பாஸ்கள். கடைசியில் குப்பத்துப் பக்கக் கோட்டுக்குள் பட்டறைப் பையன் பிடித்தான். அவன் வெகுநேரம் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான், பாயிண்ட் என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதைப்போல. சொல்ல நடுவர் இல்லை. எதிரணி மூத்தவர்தான் இரண்டு கையையும் தூக்கி "கோல்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இறுதி ஆட்டத்தில் அவர்களையே மறுபடி சந்தித்தோம். காற்று இல்லை. 13–5. அவர்கள் இரவெல்லாம் பேசி வைத்திருந்ததைப்போல ஆடினார்கள். நீள எறிகள் எல்லாம் நினைத்த இடத்தில் இறங்கின, எங்கள் சின்ன பாஸ்களுக்கு நடுவே கைகள் முளைத்தன. முந்தின நாள் வெற்றிக்குக் காற்றும் காரணம்தான். ஆனால் அந்தக் காற்றில் ஆடப் பழகியிருந்தவர்கள் நாங்கள் மட்டுமே.

அந்த இறுதி ஆட்டத்திலும் தங்கச்சி ஒரு ஃபவுல் கூப்பிட்டாள். அப்போது ஸ்கோர் 11–4, கூப்பிட்டதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே மூத்தவர். இந்த முறை அவர், "இல்லம்மா, நான் டிஸ்க்கைத்தான் தொட்டேன். கான்டெஸ்ட்" என்றார். இருவரும் நின்று பேசினார்கள், அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. டிஸ்க் எறிந்தவரிடம் திரும்பிப் போனது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதல் நாள் அவர் ஒப்புக்கொண்டதைவிட இது பெரிதாகப் பட்டது. அவள் சின்னப் பெண், கற்றுக்கொள்பவள் என்று அவர் இரங்கவில்லை. அவள் வார்த்தைக்கு எதிராகத் தன் வார்த்தையை வைத்தார். அந்த ஆட்டத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண்ணில், பேசித் தீர்க்கும் முறைக்கு எங்களுக்கு நாலு கிடைத்தது.

பிற்பாடு 2015-இல் '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் வந்தது. சென்னையின் ஃப்ளை வைல்ட் அணியைப் பற்றியது, சண்டான்ஸ் அமைப்பின் குறும்படப் போட்டியில் தேர்வானது. அது எங்கள் அணி அல்ல. ஆனால் அதில் வரும் மணலும், ஒரே வட்டத்தில் தோளில் கை போட்டு நிற்கும் குப்பத்துப் பையன்களும் ஐ.டி.க்காரர்களும் எங்களுக்குத் தெரிந்தவை. அதே ஆண்டில் உலகப் பறக்கும் தட்டு விளையாட்டுக் கூட்டமைப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமும் கிடைத்தது. குப்பத்துத் தம்பி அதை எனக்குப் போன் செய்து சொன்னான். ஒலிம்பிக்ஸில் நடுவர் வைத்துவிடுவார்களோ என்பதுதான் அவன் கவலை. வைக்கக் கூடாது என்பதே என் எண்ணமும். வைத்தால் தங்கச்சியைப்போன்ற பெண்களுக்காக வேறொருவர் விசில் ஊதிவிடுவார்.

அவள் கல்யாணம் மந்தைவெளியில் நடந்தது. அந்த மூத்தவர் மனைவியோடு வந்திருந்தார், முடி நரைத்திருந்தது. சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே நாங்கள் பழைய அணி முழுக்க நின்றிருந்தோம். பட்டுப்புடவையும் மாலையுமாக வந்தவள் அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டு நிமிர்ந்து, "அண்ணா, அந்த ஃபைனல்ல நடந்தது ஃபவுல்தான்" என்றாள்.

அவர் பரிசுப் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார். "நீ எங்க நின்ன, நான் எங்கருந்து வந்தேன், காட்டு" என்றார். குப்பத்து அண்ணன் தம்பி இருவரும் நாற்காலிகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார்கள்.